நாலு படி

“தூக்குங்க சாச்சா, தெருவுக்குக் கொண்டுபோவோம்” என்றாள் ருமானா, கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தபடி.

கட்டிலில் அவள் அண்ணன் ஷாகிர். குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, முகம் மட்டும் தெரிந்தது. சிராஜ் சாச்சாவுக்கு மனசு ஒப்பவில்லை.

“மையித்தைத் தெருவுலயா வைக்கிறது? பாக்க வாரவங்க உள்ள வரட்டும்த்தா.”

“எப்படி வருவாக? நாலு படி இருக்குல்ல.”

சாச்சா வாசலை எட்டிப் பார்த்தார். கோரிப்பாளையத்தின் அந்தக் குறுகிய தெருவில் சக்கர நாற்காலிகளும் மூன்று சக்கர ஸ்கூட்டர்களுமாகப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். வந்து கால்மாட்டைப் பிடித்தார்.

இரண்டு வயதில் வந்த போலியோவோடு நாற்பத்தாறு வயதுவரை வாழ்ந்தவன் ஷாகிர். ருமானாவுக்குப் பூங்கா வடிவமைக்கும் வேலை. எல்லாரும் வந்துபோகும்படி ஆற்றோரத்தில் அவள் ஒரு பூங்கா கட்டிய இரண்டு வருஷமும், ஒவ்வொரு இடமாக உருண்டு பார்த்துக் குறை சொன்னவன் அவன்தான். பைக் நுழையாதிருக்க வாசலில் நட்ட கம்பிகளைப் பிடுங்க வைத்தான். “பைக்கு எப்படியும் பூந்துரும். நான்தான் வெளிய நிப்பேன்.” சாய்தளத்தை மூன்று முறை இடிக்கச் சொன்னான். “இம்புட்டு ஏத்தமா? அழகர்மலையே தேவல.”

மூன்று மாதமாக இதயம் தளர்ந்துகொண்டே வந்தது. படுத்தே இருக்கச் சொன்னார் டாக்டர். அவனா கேட்பான்?

நேற்று மாலைதான் பூங்காவில், சக்கர நாற்காலியோடு ஏறி ஆடும் ஊஞ்சலை மாட்டினார்கள். வாழ்க்கையில் அவன் ஊஞ்சலே ஆடியதில்லை. ருமானா பயந்து பயந்து தள்ளினாள்.

“என்னடி, தொட்டிலா ஆட்டுற? தள்ளு!”

தள்ளினாள். அவன் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் ஓடிவந்தார். மக்ரிபு பாங்கு சொன்ன பிறகுதான் இறங்கினான். ராத்திரி ஒரு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டுப் படுத்தவன், விடியலில் எழவில்லை.

தெருவில் கட்டிலைச் சுற்றி நாற்காலிகள் நெருங்கின. மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் அவனோடு இருந்த தமிழ்வாணி தன் நாற்காலியிலிருந்து குனிந்து முகத்தைப் பார்த்தாள்.

“பத்து வருஷமா இவரோட சண்ட போட்டிருக்கேன். இன்னைக்குத்தான் வீட்டு வாசலுக்கு வாரேன்.”

“நேத்து எப்படி இருந்தாப்ல?” என்று கேட்டான் ஸ்கூட்டரில் இருந்த விருமாண்டி.

ருமானா ஊஞ்சல் கதையைச் சொன்னாள். தொட்டிலையும் சொன்னாள், வாட்ச்மேனையும் சொன்னாள்.

“எங்களுக்குச் சொல்லாம மொத ஆளா ஏறிட்டாரா? கள்ளன்!” என்றான் விருமாண்டி.

யாரோ சிரித்தார்கள். பிறகு தெருவே சிரித்தது. சாச்சா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று ருமானா பதறிப் பார்த்தாள். சிரிப்புதான். கண்ணீரோடு.

லுஹர் தொழுகைக்கு முன் மையித்தை வைத்த சந்தூக்கு கிளம்பியது. சுமந்தவர்கள் வழக்கம்போல வேகமாக எட்டு வைத்தார்கள். பத்தடி போனதும் சாச்சா திரும்பிப் பார்த்தார். கையைக் காட்டி நடையைக் குறைக்கச் சொன்னார். பின்னால் நாற்காலிகள் வரிசையாக உருண்டன.

ருமானா தமிழ்வாணியின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முக்கு வரைக்கும் கடைக்காரர்கள் தெருவில் நீட்டியிருந்த பலகைகளையும் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.