இருபத்திரண்டு சாமான்களின் விலை

இப்றாஹிமின் கடையில் நின்றுகொண்டு வாத்தியார் ஸாஜித் சேர் அன்றைக்குப் பதினோராவது விலையைக் கேட்டார். கையில் பை இல்லை.

“மச்சான், செத்தல் மிளகா கால் கிலோ என்ன விலை?”

இப்றாஹிம் சாக்கின் வாயை விரித்து ஒரு பிடி காய்ந்த மிளகாய் அள்ளிக் காட்டினார். “காம்பைப் பாருங்க, நேத்துத்தான் இறக்கின. உங்களுக்கெண்டா நானூறு போட்டுத் தாறன்.”

“நல்லாத்தான் இரிக்கு. சின்னச்சீரகம் நூறு கிராம்?”

அதற்கும் ஒரு போத்தல் திறந்தது. இருபத்திரண்டு சாமானும் இப்படிக் கேட்டு முடிந்த பிறகு, ஸாஜித் ஒரு நெருப்புப்பெட்டியை மட்டும் வாங்கினார். “றிபாட்ட கேட்டுட்டு வாறன்” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு இறங்கினார். ஒழுங்கை திரும்பியதும் மதிலோரம் நின்று, மறப்பதற்கு முன் எல்லா விலையையும் போனில் பதிந்தார். திருடியதைப் பங்கு பிரிப்பவனுக்குக்கூட அவ்வளவு அவசரம் இருக்காது.

இப்றாஹிம் அந்நியர் இல்லை. ஸாஜித்தின் மனைவி றிபாவுக்கு, தாயின் தங்கையான சாச்சியின் மகன்; அவள் வாய் நிறையக் காக்கா என்று கூப்பிடும் அண்ணன்முறை. றிபாவின் சீதன வீட்டுக்கு ஸாஜித் மாப்பிள்ளையாக வந்த பன்னிரண்டு வருடமும் அந்தக் கடையில்தான் சாமான். வீட்டிலிருந்து எண்ணினால் நாலாவது வாசல்.

கூத்துத் தொடங்கியது நிந்தவூரில், அவர் கணிதம் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறையில். ஆலையடிவேம்பிலிருந்து வரும் சர்மினி டீச்சர், வீட்டுச் சாமானெல்லாம் இப்போது ஒன்லைனில்தான் எடுப்பதாகவும் மாதம் ஆயிரம் ரூபாயாவது மிச்சம் என்றும் சொன்னார். விஞ்ஞானம் படிப்பிக்கும் அஜந் சிரித்தார்.

“வந்த அழுகலுக்கும் வராத சாமானுக்கும் ஆரு டீச்சர் கணக்குப் பாக்கிற?”

“வாயால கதைச்சு என்ன? ஆறு கிழமை, ஒண்டரை மாசம் தாங்க, நான் அளந்து சொல்றன்” என்றார் ஸாஜித். எந்தச் சாமானையும் கழற்றிப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

அளப்பது நினைத்ததுபோல லேசாக இருக்கவில்லை. செயலியில் முந்நூற்றைம்பது ரூபாயைக் கோடு கிழித்து வெட்டிவிட்டு, பக்கத்தில் முந்நூறு என்று போட்டிருப்பான். அந்த முந்நூற்றைம்பதுக்கு அதை யாராவது எப்போதாவது வாங்கினார்களா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். ஆகவே வெட்டின விலையைப் பார்க்கக் கூடாது, கொடுக்கிற விலைதான் விலை. அங்கே பக்கெட் நானூறு கிராம், இங்கே நிறுத்துக் கொடுப்பது. இரண்டையும் நூறு கிராமுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிடலாம். பன்னிரண்டாயிரத்துக்கு மேலே போனால் கொண்டுவரும் கூலி இல்லை. சாமான் குறைந்த நாளில் அந்தத் தொகையைத் தாண்டுவதற்காகவே கை ஒரு பிஸ்கட் பக்கெட்டைச் சேர்க்கும். அந்த பிஸ்கட்டையும் செலவில்தான் எழுத வேண்டும். இதையெல்லாம் அவர் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து றிபாவுக்கு ஆசை ஆசையாக விளங்கப்படுத்தினார்.

“இவ்வளவையும் காக்காட்டச் சொல்லிப்போட்டுச் செய்ங்களன்” என்றாள் றிபா.

“சொன்னா விலை மாறிடும் புள்ள. அளக்கிறது தெரிஞ்சா ஆரும் நெஞ்சை நிமித்திக்கொண்டு நிப்பான்.”

“நான் பொய் சொல்ல மாட்டன். காக்கா கேட்டா உள்ளதைச் சொல்லுவன்.”

இப்றாஹிம் அவளிடம் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்பது ஸாஜித்துக்குப் பிறகுதான் விளங்கியது.

வாங்கிப் பார்த்தால்தான் தரம் தெரியும் என்பதால், இரண்டு முறை பள்ளிக்கூட விலாசத்துக்கே பெட்டியை வரவழைத்து, மோட்டார் சைக்கிளில் சாக்குப் போட்டு மூடிக் கொண்டுவந்தார். கடையைக் கடக்கும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொள்வார். எதிர்ப்பக்கத்தில் பார்ப்பதற்கு ஒரு வெறும் மதில்தான் இருந்தது.

முதல் கிழமை கடை நானூற்றி எண்பது ரூபாய் கூட. இரண்டாம் கிழமையும் ஏறக்குறைய அப்படித்தான். மூன்றாம் கிழமையிலிருந்து ஒரு புதினம் நடந்தது: கடை விலை இறங்கத் தொடங்கியது. பருப்பு முந்நூற்றிப் பத்திலிருந்து முந்நூறு, பிறகு இருநூற்றி எண்பது. நெத்தலிக் கருவாடும் இறங்கியது, சீனியும் இறங்கியது. ஸாஜித்துக்குப் புல்லரித்தது. ஒன்லைன் கடைகளுக்கு முன்னால் தாக்குப்பிடிக்கத்தான் ஊர்க்கடைகள் விலையைக் குறைக்கின்றன என்று ஒரு விளக்கம் கட்டி, பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வரைபும் கீறிக் காட்டினார். ஆறாம் கிழமை ஆசிரியர் அறையில் முடிவைச் சொன்னார்: இருபத்திரண்டு சாமானுக்கு, ஊர்க்கடைதான் எழுநூற்றி நாற்பது ரூபாய் மலிவு.

சர்மினி டீச்சர் நம்ப மாட்டாமல் நெற்றியைச் சுருக்கினார். “இவ்வளவு நாளும் விலை கேட்டுப்போட்டு வாங்காமலா வந்தீங்க சேர்? எனக்கெண்டா வெக்கம் புடுங்கித் தின்னும்.”

“ஆய்வெண்டா அப்படித்தான் டீச்சர்” என்றார் ஸாஜித். காது சுட்டது.

கடைசிப் பெட்டியில் இருபத்திரண்டு சாமானும்; பாரம் கூட. பரீட்சை நடந்ததால் பள்ளிக்கூடத்துக்கு எடுக்கவும் வசதியில்லை. வீட்டு விலாசத்தைக் கொடுத்தார். அந்த வீதியில் வீட்டு இலக்கம் சொல்லி எவனும் ஒரு வீட்டைக் கண்டுபிடித்ததில்லை. கலியாணக் கார்டிலும் கடை பேரைச் சொல்லித்தான் வழி எழுதுவார்கள். செயலியும் ‘அருகிலுள்ள அடையாளம்’ என்று ஒரு கட்டத்தை நிரப்பாமல் விடாது. ஸாஜித்தின் விரல் யோசிக்காமல் எழுதியது: இப்றாஹிம் கடையடி.

அன்றைக்கு அவர் பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வை. போன் வாய் மூடிக் கிடந்தது. றிபா மூத்தவளான ராத்தாவின் வீட்டுக்குப் போயிருந்தாள். பின்னேர அஸர் தொழுகை முடிந்த நேரம் ஸாஜித் ஊருக்குள் வந்தபோது, கடையின் அரிசி மூட்டைகளுக்கு மேலே அந்தப் பெட்டி இருந்தது. பில்லைக் கண்ணாடிப் பையில் போட்டு வெளிப்பக்கமே ஒட்டியிருந்தான்.

“வாங்க சேர்” என்றார் இப்றாஹிம்.

பன்னிரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து ஸாஜித்துக்கு ‘சேர்’ வந்ததில்லை.

“டெலிவரிக்காரன் நாலு தரம் கோல் எடுத்தானாம். வீட்டிலயும் ஆக்கள் இல்ல, திருப்பிக் கொண்டு போகப்போறன் எண்டான். அவசரச் சாமானோ என்னவோ எண்டு காசைக் குடுத்து வாங்கி வச்சன். பதினாலாயிரத்தி எண்ணூற்றி அறுவது. பிறகுதான் பில்லை வாசிச்சன்.”

ஸாஜித் பெட்டிக்கென்று வைத்திருந்த காசைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தார். இப்றாஹிம் வாங்கி, எண்ணாமலே மேசை லாச்சிக்குள் போட்டார்.

“ஆறு கிழமையா விலை கேட்டது இதுக்கா?”

“அது வந்து... ஒரு ஆய்வு மச்சான்.” தொடங்கியவர் நிறுத்தவில்லை. சர்மினி டீச்சரின் கதை, வெட்டின விலை, நூறு கிராம் கணக்கு, பிஸ்கட் பக்கெட், ஆசிரியர் அறையில் சொன்ன முடிவு எல்லாவற்றையும் சொன்னார். “அளக்கிறது தெரிஞ்சா நீங்க விலையைக் குறைச்சிடுவீங்க எண்டுதான் சொல்லல்ல.”

“குறைச்சன்தானே.”

“என்ன?”

“ஒரு வாத்தியார் வந்து இருபது சாமான்ட விலையைக் கேட்டுப்போட்டு நெருப்புப்பெட்டியோட போறார். ஒரு நாள் இல்ல, கிழமைக்குக் கிழமை. நான் என்ன நினைக்கிற? மனுசன் எங்கயோ மாட்டிக்கிட்டார், வெக்கத்தில வாய் திறக்கிறார் இல்ல எண்டு நினைச்சன். கொஞ்சம் குறைச்சுச் சொன்னன். வாங்கல்ல. இன்னும் குறைச்சன். றிபாட்ட கேட்டா அவள் அழுதிடுவாள் எண்டு கேக்கவும் இல்ல.”

பத்தாம் ஆண்டு வகுப்பில் கீறிய வரைபு ஸாஜித்தின் கண்ணுக்குள் வந்து நின்றது. இறங்கிய அந்தக் கோடு சந்தை விலை இல்லை. இந்த மனுசனின் இரக்கம்.

“அதோட விட்டிருந்தாலும் பரவால்ல” என்றார் இப்றாஹிம், குரலைத் தாழ்த்தி. “பள்ளியில உங்கட பேரைக் குடுத்திட்டன்.”

வசதியுள்ளவர்கள் கொடுக்கும் ஸகாத் காசை ஏழைகளுக்குப் பிரிக்கும் பள்ளிவாசல் குழுவில் இப்றாஹிமைப்போல ஒரு கடைக்காரரை வைப்பதற்குக் காரணம் உண்டு. மானஸ்தன் கேட்டு வரமாட்டான். ஆனால் ஒரு கிலோ வாங்கின வீடு கால் கிலோவுக்கு இறங்குவதும், பால்மா பக்கெட் சின்னப் பக்கெட்டாவதும், சாமானைக் கேட்பதற்கு முதல் விலையைக் கேட்பதும் கடைக்காரன் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். அந்தக் கண்ணை நம்பித்தான் குழு பேர் எழுதும். மூன்று பேருக்கு மேல் பட்டியல் தெரியாது. இந்த முறை முப்பது குடும்பம்.

“முப்பத்தோராவதா ஒரு பொம்புள இருந்தா. பேர் சொல்லமாட்டன். புருசன் படுக்கையில. உங்களுக்காக அவட பேரை அடுத்த வருசத்துக்குத் தள்ளி வச்சம். நான்தான் சண்டை புடிச்சன்.”

கடை வாசலில் ஒருவர் வந்து சவர்க்காரம் வாங்கிக்கொண்டு போனார்.

“மாத்தேலாதா அந்தப் பட்டியலை?” என்றார் ஸாஜித்.

“பொழுதுபட மஃரிப் தொழுகையோட பட்டியல் பூட்டிடுவாங்க. நான் போய், பிழையாப் பாத்திட்டன் எண்டு சொல்றன். நீங்க வரத் தேவல்ல.”

அது லேசான வழி. ஸாஜித் ஒரு நிமிடம் அதற்குள் ஒளிந்தும் பார்த்தார். ஆனால் இப்றாஹிம் பிழையாகப் பார்த்தார் என்று ஒரு தரம் எழுதிவிட்டால், அவர் அடுத்த வருடம் சொல்லப்போகும் ஒவ்வொரு பேருக்கும் ஒரு சந்தேகம் ஒட்டும். அந்தக் கண் பிழைக்கவில்லை. அதற்கு முன்னால் ஒருவன் வேசம் போட்டான், அவ்வளவுதான்.

“நானும் வாறன்” என்றார்.

குழுவின் செயலாளர் பஸால் பள்ளி அறையில் கொப்பியோடு இருந்தார். ஸாஜித் நின்றபடியே சொன்னார். எதையும் எவருக்கும் விளங்கப்படுத்தக்கூடிய அந்த வாய்க்கு அன்றைக்கு ஒரு வசனம் ஒழுங்காக வரவில்லை. “எனக்குக் கஷ்டம் ஒண்டும் இல்ல. மச்சான் கண்டது சரி, நான் நடந்துகொண்டதுதான் பிழை. ஒன்லைன் விலையோட ஒப்பிட்டுப் பாக்க, வாங்கிற எண்ணம் இல்லாம விலை கேட்டன். என்ட பேரை வெட்டிப்போட்டு, தள்ளி வச்ச பேரை எழுதுங்க.”

பஸால் வெட்டினார், எழுதினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு உண்மையான ஆவலோடு கேட்டார்: “எங்கட வீட்டிலயும் இப்ப அதிலதான் எடுக்கிற சேர். அப்ப, முடிவா எது லாபம்?”

இப்றாஹிம் பக்கத்தில்தான் நின்றார். பஸாலின் வீட்டாரும் ஒரு காலத்தில் அவர் கடையில்தான் வாங்கியவர்கள். ஸாஜித் குனிந்த தலையை எடுக்கவில்லை. “தெரியா. என்ட கணக்குப் பிழைச்சுப்போச்சு.”

திரும்பி வந்து கடைக்குள் ஏறியதும் இப்றாஹிம் ஒரு பழைய கலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பிப் போட்டு, பேனையை அதன்மேல் வைத்தார்.

“எழுதுங்க சேர்.”

“வேணாம் மச்சான்.”

“ஊருக்கெல்லாம் என்ட கடை மலிவு எண்டு சொல்லிவச்சிருக்கீங்க. நாளைக்கு உங்கட டீச்சர் வந்து அந்த விலைக்குக் கேட்டா நான் எங்க போற? எழுதுங்க. உள்ள விலை, பருப்பு முந்நூற்றிப் பத்து.”

ஸாஜித் எழுதினார். கொழும்புக் கிடங்கில் லொறிக் கணக்கில் எடுப்பவனின் விலைக்குத் தன்னால் பருப்பு கொடுக்க ஏலாது என்றும், கிழங்கும் வெங்காயமும் என்றால் சில கிழமை தான்தான் மலிவு என்றும், இடையிடையே இப்றாஹிம் மற்றவருடைய கடையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போனார். சீனி, நெத்தலி, தேயிலை. இருபத்திரண்டும் முடிந்தன.

“கூட்டுங்க.”

பேனை தேவைப்படவில்லை. கடைசி எண் விழுந்தபோதே கூட்டுத்தொகையும் மனதில் விழுந்துவிட்டது: பதினையாயிரத்தி முந்நூற்றி எண்பது. போன கிழமை இதே சாமானுக்கு இப்றாஹிம் சொன்ன விலையைவிட ஆயிரத்தி இருநூற்றி அறுபது ரூபாய் கூட. அவ்வளவையும் தன் கையிலிருந்து இழக்க இந்த மனுசன் ஆயத்தமாக இருந்திருக்கிறார்.

“பெட்டிக்கும் கடைக்கும் என்ன வித்தியாசம்?”

ஐம்பது ரூபாய் என்று சொல்லலாம். சரிக்குச் சரி என்றும் சொல்லலாம். இப்றாஹிம் கூட்டிப் பார்க்கப் போவதில்லை. ஆறு கிழமை பொய்க்குப் பிறகு இன்னொரு சின்னப் பொய் அன்பைப்போலவே இருக்கும். ஸாஜித் தாளைப் பார்த்தபடி சொன்னார்.

“ஐந்நூற்றி இருவது. பெட்டிதான் குறைவு.”

“ம்” என்றார் இப்றாஹிம். “நானும் அப்பிடித்தான் நினைச்சன்.” பிறகு, வாசலில் வந்து நின்ற பெண்ணைப் பார்த்து, “உங்களுக்கு என்ன வேணும் தங்கச்சி?” என்றார்.

ஸாஜித் பெட்டியை அரிசி மூட்டையிலிருந்து இறக்கினார். பதினெட்டு கிலோவாவது இருக்கும். நெஞ்சோடு அணைத்துத் தூக்கியபோது பில் ஒட்டிய பக்கம் தெருவைப் பார்த்தது. திருப்பிப் பிடிக்கக் கை இல்லை. தலையைத் திருப்பாமல், நாலு வாசல் தூரத்தையும் அப்படியே நடந்தார்.