பன்றி தின்ற கடைசி வரி

"தோத்தவங்களுக்கு எத்தனை ஓட்டு?"

மெலாலி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. தீவு முழுக்கச் சபை மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, மரப்பெட்டி மேல் வைத்த வானொலியில் நாடாளுமன்றத் தேர்தல் முடிவைக் கேட்டுக்கொண்டிருந்தது. வானொலி ஜெயித்தவர் பெயரையும் ஓட்டையும் சொல்லிவிட்டு அடுத்த தீவுக்குப் போய்விட்டது. பசிபிக் நாடான துவாலுவின் அந்தக் கடைக்கோடித் தீவில் தோற்றவரின் ஓட்டு எண்ணிக்கையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இருப்பது ஒரே தெரு. நாளைக்கும் அவர் அதே தெருவில்தான் நடக்க வேண்டும்.

அம்மா மெலாலியின் தொடையைக் கிள்ளினாள். அப்போது தூணோரம் உட்கார்ந்திருந்த வைசுவா, அன்றைக்குத் தோற்ற அதே வைசுவா, திரும்பிப் பார்த்தார்.

"பதினொண்ணு, கண்ணு. அதுல ஒண்ணு என்னோடது. மீதி பத்தைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

மண்டபம் சிரித்தது. அம்மாவின் விரல்கள் தொடையை விட்டன. மெலாலி வீட்டுக்குப் போய்ப் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'வைசுவா 11' என்று எழுதினாள்.

நாற்பது வருஷத்தில் அந்தப் பக்கம் தனி நோட்டாகிவிட்டது. மெலாலி இப்போது தீவின் மழைமானியைப் பார்த்துக் குறித்துத் தலைநகருக்கு அனுப்புகிற வேலையில் இருக்கிறாள். தேர்தல் வந்தால் நார்வேயிலிருந்து ஹால்வோர் என்பவர் கடிதம் போடுவார். உலகத்துத் தேர்தல் முடிவுகளையெல்லாம் திரட்டி வைத்திருக்கும் மனிதர் அவர். இந்தத் தீவுக்கு அவருக்குக் கிடைத்த ஒரே ஆள் மெலாலி. ஒரு எண் அனுப்பினால் 'நன்றி, இரண்டாவது ஆதாரம் எது?' என்று கேட்பார். முதல் தடவை அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு அதுவே அவளுடைய பழக்கமாகிவிட்டது. மழைமானியைக்கூட இரண்டு தரம் பார்க்கத் தொடங்கினாள்.

இந்த முறை மூன்று பேர் நின்றார்கள். லபானா ஜெயித்தார், 117. அலபாட்டி, 81. மூன்றாவது வைசுவா. அவருக்கு இது பத்தாவது தேர்தல்.

அவருடைய எண் எங்கேயும் இல்லை. வானொலி வழக்கம்போல ஜெயித்தவரோடு நிறுத்திக்கொண்டது. தேர்தல் அதிகாரி பெனிட்டுசி முழு முடிவையும் எழுதி மண்டபச் சுவரில் மைதாப் பசையால் ஒட்டியிருந்தார். பார்க்கவேண்டிய வேட்பாளர்கள் பார்த்தால் போதும் என்று முழங்கால் உயரத்தில் ஒட்டினார். பசை நல்ல பசை. காலையில் ஒரு பன்றி வந்து கடைசி வரியைப் பசையோடு தின்றுவிட்டுப் போனது.

அது வைசுவாவின் பன்றி.

"எஜமான் மானத்தைக் காப்பாத்திடுச்சு" என்றார் பெனிட்டுசி. அவர் திருச்சபை மூப்பரும்கூட.

"அண்ணே, உங்ககிட்ட நகல் இருக்கும்ல?" என்று கேட்டாள் மெலாலி.

"இருக்கு. தகரப்பெட்டியில பூட்டி வச்சிருக்கேன்."

"ஒரு எண்தான். எனக்கு மட்டும் சொல்லுங்க."

"உனக்குச் சொன்னா நார்வேக்குச் சொன்ன மாதிரி. தோத்தவர் எண்ணை அவரே வந்து கேட்டா அவர்கிட்ட சொல்லுவேன். அவர்தான் எண்ணுற அன்னைக்கு மீன் பிடிக்கப் போயிட்டாரே."

மெலாலி கிழிந்த தாளின் முன் குந்தி உட்கார்ந்தாள். மேல் வரிகள் இருந்தன. பதிவானவை 203, செல்லாதவை 2. அவள் கழித்தாள். மறுபடியும் கழித்தாள். அவளுக்குக் கணக்கில் எப்போதும் தப்பு வராது. இப்போது மட்டும் வந்தால் தேவலை என்றிருந்தது.

மூன்று.

கணக்கு தப்பாக இருக்கக் கூடாதா என்று அவள் நினைத்ததற்குக் காரணம் இருந்தது. முடிவு வந்த மறுநாள் தோற்றவர் வீட்டுக்கு மீனோ இளநீரோ கொண்டுபோய், "உங்களுக்குத்தான் போட்டேன்" என்று சொல்லிவிட்டு வருவது அந்தத் தீவின் மரியாதை. சொல்லாமல் விட்டால்தான் குற்றம். வைசுவாவின் மனைவி பிலியா, வந்தவர்களை மீனை வைத்து எண்ணியிருந்தாள். அறுபத்திரண்டு பேர். இத்தனை பேர் அவர் வீட்டுக்கு இதற்குமுன் வந்ததில்லை.

வைசுவாவும் எண்ணியிருந்தார். அங்கேதான் வம்பு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் விருந்து வைத்து, மண்டபத்தில் எழுந்து நின்று, "எனக்கு அறுபத்திரண்டு ஓட்டு, பெனிட்டுசி எத்தனை எண்ணினார்னு சொல்லட்டும்" என்று கேட்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கேட்டால் பெனிட்டுசி சொல்லித்தான் ஆகவேண்டும். அறுபத்திரண்டு பேர் முன்னால், மூன்று என்று.

மெலாலிக்கு ஜெபம் செய்தும் வழி தெரியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்கு நடந்தாள். வைசுவா கொல்லையில் விருந்துக்கு அடுப்புக்குழி தோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிரித்துப் போட்ட மூன்று படகு மோட்டார்கள். தீவில் மோட்டார் ரிப்பேர் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"வா, மெலாலி. நோட்டையும் கொண்டாந்திருக்க. எழுதிக்கோ, அறுபத்திரண்டு."

"ரெண்டாவது ஆதாரம் வேணும், மாமா."

"அறுபத்திரண்டு ஆதாரம் சொல்லுறேன். போதாதா உனக்கு?"

அவள் குச்சியை எடுத்து மணலில் எழுதினாள். 203. அதன் கீழே 2. அதன் கீழே 117, 81. கழிக்காமல் குச்சியை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் நின்றபடியே பார்த்தார். பிறகு உட்கார்ந்து பார்த்தார். குச்சி மெதுவாக ஓர் எண்ணை எழுதியது.

"அன்னைக்கு நான்தானே கேட்டேன், மாமா" என்றாள் மெலாலி. "நீங்க பதில் சொன்னீங்க. அதனாலதான் நேர்ல வந்தேன்."

"பதினொண்ணுலேருந்து மூணா?" என்றார் அவர். "நாப்பது வருஷ முன்னேற்றம்." விரலை மடக்கினார். "ஒண்ணு என்னோடது." வீட்டுப்பக்கம் திரும்பிக் கத்தினார். "பிலியா, நீ யாருக்குப் போட்ட?"

"உனக்குத்தான்யா. வேற யாரு போடுவா?"

"ரெண்டு. மூணாவது யாரு?"

"எல்லாரும் லபானாவுக்கு ஏன் போடுறாங்கன்னு தெரியாதா?" என்றபடி பிலியா வாசலில் வந்து நின்றாள். "அவன் தலைநகர் போனா யாருக்கும் நஷ்டமில்லை. நீ போனா மோட்டாரை யாரு பார்ப்பா? உன்னை இங்க வச்சுக்கத்தான் உன்னைத் தோக்கடிக்கிறாங்க. பத்து தடவையா இதைத்தான் சொல்லுறேன்."

வைசுவா அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தார். பிறகு மெலாலியைப் பார்த்தார்.

"நீ?"

"நான் லபானாவுக்குப் போட்டேன், மாமா."

அவர் முகம் மலர்ந்தது. "பாரு பிலியா. இந்தத் தீவுல என் முகத்துக்கு நேரா உண்மை பேசின ஒரே ஆளு இவதான்."

மெலாலி நோட்டைத் திறந்து மூடினாள்.

"அப்ப நாளைக்கு விருந்து வேணாம்ல?" என்று கேட்டாள் பிலியா. "மூணு பேருக்கு ஒரு மீன் போதும்."

வைசுவா எழுந்து மண்வெட்டியை எடுத்தார். "எப்படி வேணாங்கிற? வந்த அறுபத்திரண்டு பேருல ஒருத்தர் நிஜமாவே எனக்குப் போட்டிருக்கார். யாருன்னு தெரியாது. ஆண்டவர் பத்து நீதிமான்களுக்காக ஒரு பட்டணத்தையே விட்டுவைக்கிறேன்னார். நான் ஒருத்தருக்காக அறுபத்தோரு பேருக்குச் சோறு போடக் கூடாதா? அந்த மிச்சப் பேரும் என் மனசு நோகக் கூடாதுன்னுதானே வந்து சொன்னாங்க." குழியை இன்னும் அகலமாகத் தோண்டத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை விருந்து நடந்தது. சுவரில் இருந்ததைத் தின்ற பன்றியும் அடுப்புக்குழிக்குள் போயிருந்தது. வைசுவா எழுந்து நின்றார். பெனிட்டுசி கையிலிருந்த பூலாக்காக் கிழங்கைக் கீழே வைத்துவிட்டு வேர்த்தார்.

"எனக்குப் போட்டவங்களுக்கு நன்றி" என்றார் வைசுவா. "எத்தனை பேருன்னு எனக்குத் தெரியும். அது எனக்கும் பெனிட்டுசிக்கும் உள்ளது. சாப்பிடுங்க."

அறுபத்திரண்டு பேரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். மறுநாளிலிருந்து ஒரு வாரம் அவர் வீட்டு வாசலில் சொல்லாமல் கொள்ளாமல் மீன் வந்து விழுந்துகொண்டிருந்தது. பிலியா எண்ணுவதை விட்டுவிட்டாள்.

மெலாலி ஹால்வோருக்கு எழுதினாள்: வைசுவா, 3. முதல் ஆதாரம், கழித்தல். இரண்டாவது ஆதாரம், வேட்பாளர். ஹால்வோர் நன்றி மட்டும் எழுதினார்.

நான்கு வருஷம் கழித்து வைசுவா பதினோராவது முறை நின்றார். மண்டபத்து மூலையில் பூப்போட்ட துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். மெலாலி வரிசையில் நின்று, பெனிட்டுசி நீட்டிய சீட்டை வாங்கிக்கொண்டாள்.

"யாருக்குப் போடப்போற?" என்று பின்னால் நின்ற பெண் கேட்டாள்.

"லபானாவுக்குத்தான்."

அவள் திரையை இழுத்து மூடினாள். கயிற்றில் கட்டியிருந்த பென்சிலை எடுத்தாள். தொடையில் அம்மா எப்போதோ கிள்ளிய இடத்தை ஒருமுறை தடவிக்கொண்டாள். பிறகு, பதினெட்டு வயதிலிருந்து ஒவ்வொரு தடவையும் செய்ததைப்போல, வைசுவாவின் பெயருக்கு எதிரே குறியிட்டுச் சீட்டை நான்காக மடித்தாள்.