பார்க்கப்பட்டது

எங்கள் ஆபீசில் ஒரு கோப்பை மூட வேண்டுமென்றால் ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். கட்டத்துக்குப் பக்கத்தில் ‘பார்க்கப்பட்டது’ என்று எழுதியிருக்கும். யார் பார்த்தார்கள், கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தார்களா என்பதெல்லாம் அந்தக் கட்டத்துக்குக் கவலையில்லை. டிக் விழுந்தால் கோப்பு மூடிக்கொள்ளும். விழுந்த டிக்கை எடுக்க வழி கிடையாது. பதினோரு வருஷத்தில் எத்தனை டிக் அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதில் ஒன்றைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நாங்கள் போன் செய்கிற கம்பெனி. போனுக்குள் ஓடும் அடிப்படை மென்பொருளும் எங்களுடையதுதான். வருஷத்துக்கு இரண்டு முறை அதற்கு அப்டேட் அனுப்புவோம். அதனால் தங்கள் ஆப்புக்குப் பாதிப்பு வரும் என்று நினைக்கிற மற்ற கம்பெனிகள் முன்கூட்டியே எங்களுக்கு எழுதுவார்கள். அந்தக் கடிதங்களைப் படித்துப் பதில் சொல்வது என் வேலை. ‘படித்து’ என்றேனே, அதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை அனுப்பிய அப்டேட்டில் ஒரு மாற்றம் இருந்தது. வெளி ஆப் எதுவும் இனிமேல் போனைத் தொடர்ந்து அதிர வைக்க முடியாது. ஒரே ஒரு நொடி விர்ரென்று அதிர்ந்துவிட்டு அடங்கிவிட வேண்டும். பேட்டரி வீணாகிறது என்று காரணம் சொன்னோம். எங்கள் சொந்தக் காலண்டர் மட்டும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அதிரலாம். அதற்குப் பேட்டரி வீணாகாதா என்று கேட்டால், மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம், அவ்வளவுதான்.

அடி விழுந்தது நாலே பேர் நடத்தும் ஒரு சின்னக் கம்பெனிக்கு. அவர்களுடைய காலண்டர் ஆப்பில் ‘விடாக்கண்டன்’ என்று ஒரு வசதி. குறித்த நேரம் வந்ததும் போன் அதிர ஆரம்பிக்கும். நாம் முன்பே வைத்திருக்கும் ஒரு வார்த்தையைத் திரையில் தட்டினால்தான் நிற்கும். தூக்கக் கலக்கத்தில் அமுக்கிவிட்டு மறுபடி படுக்கிற வேலையெல்லாம் அதனிடம் நடக்காது. அந்தக் கம்பெனியை நடத்தும் பெண் மூன்று முறை எழுதினார். முதல் கடிதத்தில் கேட்டுக்கொண்டார். இரண்டாவதில் கெஞ்சினார். மூன்றாவதில் நாலே வரி எழுதிவிட்டு நாற்பத்தொரு கடிதங்களை இணைத்திருந்தார். எல்லாம் இந்த வசதியை நம்பியிருப்பவர்கள் எழுதியவை, நேரமிருந்தால் ஐந்தாறையாவது படியுங்கள் என்று கேட்டிருந்தார்.

நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம், வேறு அவசரமே இல்லை. எங்கள் தலைவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘சதவீதம்’. சாப்பிட்டீர்களா என்று கேட்டால்கூட எண்பது சதவீதம் என்று சொல்லக்கூடிய ஆள். விடாக்கண்டனைப் பயன்படுத்துகிறவர்கள் எவ்வளவு என்று கேட்டார். புள்ளி மூன்று சதவீதம் என்றேன். புள்ளிக்கு முன்னால் ஒன்றுமே இல்லையே, பிறகென்ன என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் கன்னம் எரிகிறது. என் இடத்துக்கு வந்து, இணைப்பைத் திறக்காமலே டிக் அடித்தேன். பிறகு போய் காபி குடித்தேன்.

எனக்கு ஒரு தம்பி. ஏழு வயதில் வந்த காய்ச்சலில் அவனுக்கு இரண்டு காதும் போய்விட்டது. அதற்குள் பேச்சு வந்துவிட்டதால் நன்றாகப் பேசுவான். குரல் மட்டும் கொஞ்சம் தட்டையாக இருக்கும். நாம் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். சின்ன வயதில் என்னோடு சண்டை வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுவிடுவான். அதற்கு மேல் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் காற்றோடு போச்சு. ஊரெல்லாம் வாய்ச்சண்டை, எங்கள் வீட்டில் கண்சண்டை என்று அம்மா சொல்வாள்.

காதுக்கு ஈடாக அவனுக்குக் கை வாய்த்திருந்தது. ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்துக் கொடுக்கும் ஒரு பெரிய சலவை ஆலையில் வேலை. ஆள் உயர இயந்திரங்கள் பதினாறு அங்கே ஓடும். ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஏழாம் நம்பருக்கு பேரிங் தேயுது, இன்னும் பத்து நாள் தாங்கும் என்பான். காது உள்ள மெக்கானிக்குகளுக்கு ஒன்பதாம் நாள்தான் அது கேட்கும்.

முதல் ஆறு மாதம் தற்காலிகம். அதற்குள் மூன்று முறை தாமதமாக வந்தால் சீட்டுக் கிழியும், இல்லையென்றால் நிரந்தரம். ஐந்து மாதம் ஒரு நாள்கூடப் பிந்தாமல் போயிருந்தான். அந்தச் சம்பளத்தை நம்பி ஆலைக்குப் பக்கத்தில் தனியாக ஓர் அறையும் எடுத்திருந்தான். இருபத்தெட்டு வயதில் முதல் சொந்தச் சாவி. கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தான். ஒரு பாயும் பக்கெட்டும் இருக்கிற அறைக்குப் பூட்டு எதுக்குடா என்று அம்மா கேலி செய்தால், பூட்டுக்காகத்தான் அறையே என்பான்.

ஆலையில் ஷிப்ட் நாளுக்கு நாள் மாறும். என்றைக்கு எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்பது காலண்டரில் இருக்கும். போன் தலையணைக்கு அடியில் இருக்கும். அந்தப் போன் நான் வாங்கிக் கொடுத்தது. எங்கள் கம்பெனிப் போன் என்பதால் காலண்டரும் எங்களுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு நாளும் கேட்டதில்லை.

அப்டேட் வெளியான ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். அப்டேட்டை நானே போட்டுத் தருகிறேன் என்று பெருமையாக அவன் போனைக் கையில் வாங்கினேன். அவன் கொஞ்சம் தயங்கினான்.

“இதனால எதுவும் போயிடாதே, அக்கா?”

“ஒண்ணும் போகாது. செஞ்சவங்களுக்குத் தெரியாதா?”

அவன் முகம் தெளிந்துவிட்டது. ஏதோ பெரிய விஷயம் தீர்ந்த மாதிரி சிரித்தான். ஏன் அப்படிச் சிரித்தான் என்று நான் யோசிக்கவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேட்டிருக்கிறோம். நான் என் கையாலேயே பொத்தானை அழுத்தி என் தம்பிக்கு வைத்தேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அவன் தாமதம். வெள்ளிக்கிழமை மறுபடி தாமதம். அம்மாவுக்குத் தகவல் வந்து அவள் புலம்ப ஆரம்பித்தாள். நான் அவனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அது இன்னும் என் போனில் இருக்கிறது: ‘ஒரு வேலைய ஒழுங்கா பாக்கத் தெரியாதா உனக்கு? அலட்சியம்.’ அடுத்த புதன்கிழமை மூன்றாவது தாமதம். சாயங்காலம் ஒரு பையோடு வீட்டுக்கு வந்தான். கழுத்தில் கயிறு இல்லை. சாவி சட்டைப் பையில் இருந்தது. மாதக் கடைசியில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றான். கும்பகர்ணனுக்குக்கூட எழுப்ப ஆள் இருந்தது, இவனுக்கு யார் இருக்கா என்று அம்மா முணுமுணுத்தாள். அவள் உதட்டை அவன் பார்த்துவிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறைக்குப் போனேன். அவன் பிரிட்ஜ் கதவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தான். என்னடா என்று அவன் முன்னால் போய் நின்று கேட்டேன்.

“கையும் போயிட்டிருக்கு போல, அக்கா.”

எனக்குப் புரியவில்லை. அவன் மெதுவாகச் சொன்னான். மூன்று நாளும் கண் விழித்துப் பார்த்தபோது, வார்த்தையைத் தட்டு என்று திரை கேட்டுக்கொண்டிருந்ததாம். அப்படியென்றால் போன் அதிர்ந்துகொண்டிருக்க வேண்டும். கையில் எடுத்தால் ஒன்றுமே தெரியவில்லையாம். ஏழு வயதிலேயே டாக்டர் சொல்லியிருந்தார், அந்தக் காய்ச்சல் நரம்பையும் தொட்டிருக்கலாம், பிற்பாடுதான் தெரியும் என்று. அந்தப் பயத்தில் இப்போதெல்லாம் இயந்திரத்தில் கை வைத்தாலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, ஏழாம் நம்பரில் மறுபடி ஏதோ சரியில்லை என்று தோன்றியும் வாயே திறக்கவில்லை என்றான்.

போனைக் காட்டச் சொன்னேன். அடுத்த நிமிஷத்துக்கு நேரம் குறித்து என் கையில் வைத்தான். ஒரு நொடி விர்ரென்றது. பிறகு அடங்கிவிட்டது. திரை மட்டும் வார்த்தை கேட்டுக்கொண்டிருந்தது. மேலே பொடி எழுத்தில் ‘விடாக்கண்டன்’ என்று இருந்தது.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதிருதா என்று கேட்டான்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் பயம் அங்கேயே தீர்ந்திருக்கும். இல்லை என்று சொன்னால் ஏன் இல்லை என்று கேட்பான். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் தலையாட்டினான். அதிர்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டான். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். டிக் அடித்ததுகூடச் சோம்பேறித்தனம் என்று போகட்டும். இதற்குப் பெயர் வேறு.

மறுநாள் ஆபீசில் அந்தக் கோப்பை எடுத்து, இணைப்பைத் திறந்தேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஒன்றிலிருந்து படித்தேன். பக்கவாதம் வந்த கணவருக்கு மருந்து கொடுக்கும் ஒரு ஆசிரியை, இரண்டு ஷிப்ட் ஓட்டும் ஒரு டிரைவர். இருபத்தேழாவது இது:

‘வணக்கம். எனக்கு இரண்டு காதும் கேட்காது. இந்த ஆப் இருப்பதால்தான் தனியாக ஒரு அறையில் இருக்கிறேன். என்னை எழுப்ப யாரும் தேவையில்லை. நிறுத்துவதற்கு நான் வைத்திருக்கும் வார்த்தை “போடி”. சின்ன வயதில் என் அக்காதான் என்னை உலுக்கி எழுப்புவாள். அவளைப் போடி என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். இந்த வசதியை எடுத்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கவலைப்பட வேண்டாம். என் அக்கா அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறாள், இந்த மாதிரிக் கடிதங்களைப் படிப்பதுதான் அவள் வேலை. வீட்டு விஷயத்தை ஆபீசுக்குக் கொண்டுபோவது அவளுக்குப் பிடிக்காது, அதனால் நேரில் சொல்லவில்லை. ஆனால் கைக்கு வந்தால் ஒன்றுவிடாமல் படிப்பாள். அவள் பார்த்துக்கொள்வாள்.’

தயங்கியவன் ஏன் சிரித்தான் என்று அப்போதுதான் புரிந்தது. ஒன்றும் போகாது என்று நான் சொன்னதை, பார்த்துக்கொண்டேன் என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். அதன் பிறகு போன் அதிரவில்லை என்றால், சந்தேகப்பட அவனுக்குத் தன் கைதான் மிஞ்சியிருந்தது.

சதவீதத்திடம் போய்ச் சொன்னேன். அடுத்த அப்டேட் ஆறு மாதம் கழித்து, அப்போது பேசலாம் என்றார். லீவு சொல்லிவிட்டுச் சலவை ஆலைக்குப் போனேன். தவறு என்னுடையது, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாச்சும்மா, ரிஜிஸ்டரையும் மூடியாச்சு என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் ஏழாம் நம்பர் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது தம்பி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். எதிரே உட்கார்ந்து, முகத்தில் வெளிச்சம் விழும்படி நாற்காலியைத் திருப்பிக்கொண்டேன். அவன் கண் விழித்தபோது போன் அதிரவே இல்லை என்று சொன்னேன். அப்டேட்டில் அந்த வசதியை எடுத்துவிட்டோம், நேற்று என் கையிலும் அது ஒரே ஒரு நொடி அதிர்ந்துவிட்டு நின்றுவிட்டது என்று சொன்னேன்.

“அப்ப என் கை நல்லாத்தான் இருக்கா?”

“நல்லா இருக்குடா.”

அவன் எழுந்துபோய்ப் பிரிட்ஜில் கை வைத்தான். ஜன்னல் கம்பியில் வைத்தான். தெருவில் ஏதோ வண்டி போனது, அது கம்பியில் தெரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டான். அம்மாவைக் கூப்பிட்டு, கை போகலையாம், அம்மா என்று சொல்லிச் சிரித்தான். கண் நிறைந்திருந்தது. வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படியே விட்டிருந்தால் அன்றைக்கு அவனுக்கு அதுவே போதுமாக இருந்திருக்கும். எனக்கும் வசதிதான். பையிலிருந்து இருபத்தேழாவது கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

அவன் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டான். வந்து உட்கார்ந்தான்.

“இது எப்ப வந்துச்சு உனக்கு?”

“அப்டேட்டுக்கு மூணு வாரம் முன்னாடி.”

“படிச்சியா?”

“இன்னிக்குத்தான் படிச்சேன்.”

“அப்ப அன்னிக்கு என்ன பண்ணே?”

“பார்த்தாச்சுன்னு டிக் அடிச்சேன்.”

உதட்டைத் தவறாகப் படித்துவிட்டோமோ என்று அவனுக்குச் சந்தேகம். இன்னொரு தரம் சொல்லு என்றான். இன்னொரு தரம் சொன்னேன். கடிதத்தை நாலாக மடித்து, சாவி இருந்த சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

மன்னிச்சுடுடா என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், அம்மா திரும்பிப் பார்த்தாள். இரண்டு, மூன்று முறை சொன்னேன். யாருக்குச் சொல்கிறேன்? தோளைப் பிடித்து உலுக்கலாம் என்று கையை நீட்டினேன். சின்ன வயதில் தினமும் செய்ததுதான். தொட்டால் போதும், போடி என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் திறந்துவிடுவான்.

உலுக்கினேன். அவன் திறக்கவில்லை. போடி என்றும் சொல்லவில்லை.