பட்டையில் அக்காவின் பொத்தான்

மனுஷனுக்குப் பொறுமை என்று ஒன்று இருந்தால் அது மூன்று நாளில் தீர்ந்துபோகும். தம்பிக்காரனுக்குத் தீர்ந்துபோயிற்று. நிரல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன், அப்பாவின் கம்ப்யூட்டர் திரை உச்சியில் ஒரு பட்டை எழுதிவைத்திருந்தான். அதில் மணி, பேட்டரி, ஓரத்தில் அக்கா படம். படத்தை மவுஸின் இடது பட்டனால் தட்டினால் அக்காவுக்கு அழைப்பு போகும். வலது பட்டன் என்றால், அன்றைக்கு முழுக்க அக்காவின் அழைப்பு வராது.

அப்பாவும் அக்காவும் பேசி ஆறு மாசம். அப்பா ஒருவழியாக இறங்கிவந்து, தினமும் பதினோரு மணிக்குப் படத்தைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. அக்காவோ, தானே இறங்கிவந்து மூன்று தடவை கூப்பிட்டும் அப்பா தடுத்துவிட்டார் என்று கொதித்தாள். இன்றோடு சரி, இனி ஜென்மத்துக்கும் கூப்பிடமாட்டேன் என்று தம்பியிடம் சொல்லிவிட்டாள்.

தட்டலைப் பட்டன் அழுத்தும்போது எடுக்கலாமா, விடும்போது எடுக்கலாமா என்று தம்பி நிரலை மாற்றி மாற்றி எழுதி மண்டை காய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் நேரிலேயே வந்து, விழுகிற ஒவ்வொரு தட்டலையும் திரையில் காட்டவைத்தான். பட்டன் மூன்று, பட்டன் மூன்று என்றே வந்தது. மூன்று என்றால் வலது.

"வலதைத்தான் அழுத்துறீங்கப்பா."

"ஆள்காட்டி விரலாலதான்டா அழுத்துறேன்."

அப்போதுதான் மேஜையைப் பார்த்தான். மவுஸ் அப்பாவின் இடது கையில் இருந்தது; ஆள்காட்டி விரல் வலது பட்டன் மேல். அப்பா இடது கையால் கையெழுத்துப் போடுவதை ஆயிரம் தடவை பார்த்தவன்தான். பட்டை எழுதும்போது மட்டும் பாவி மறந்துபோனான். கம்ப்யூட்டர் வாங்கிய அன்றே அக்கா பட்டன்களை இடவலமாக மாற்றிவைத்திருந்தாள். மற்ற நிரல்களெல்லாம் அதற்குக் கட்டுப்பட்டன. இந்த மேதாவி மட்டும் குறுக்குவழியில், மவுஸிடமிருந்தே நேராக எண்ணை வாங்கியிருந்தான்.

"அப்ப தினமும் நானேதான் அவளைத் தடுத்தேனா?" என்றார் அப்பா.

ஒரே ஒரு வரியை மாற்றினான். அப்பா தட்டினார். நாலாவது மணியில் அக்கா எடுத்து, என்ன என்று மட்டும் கேட்டாள்.

"பட்டனை நீ மாத்திவெச்சது அப்படியேதாம்மா இருக்கு. உன்னைக் கூப்பிடத்தான் தினமும் தட்டினேன், இவன்தான் அதைப் பார்க்காம எழுதிட்டான்."

பிறகு அக்கா, "அவன் அங்கதான் இருக்கானா?" என்றாள்.

தம்பியை இருபது நிமிஷம் திட்டினாள். அவள் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் அப்பா எடுத்துக்கொடுத்தார்.