காலி கேரியர்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. மறைக்க ஒன்றுமில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், "சனிக்கிழமை சும்மா கடலோரமா சைக்கிள்ல போயிட்டு வந்தோம்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் சைக்கிள் சும்மா போனதே கிடையாது. அன்று மாலையே அந்த மனுஷரைக் கிழித்துத் தொங்கவிட உட்கார்ந்தேன். முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் கதை.

முதல் தொடக்கம்: இலையுதிர்காலத்து இளவெயிலில் மூன்று தோழிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு—

காற்றை யாரும் கிழிக்கவில்லை. அடுத்தது.

இரண்டாம் தொடக்கம்: வண்டியை வாடகைக்கு எடுத்த கடை வாசலிலேயே அவள் குப்பைத் தொட்டியில் போய் மோதினாள்.

இது போதும்.

2

அவள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். (அவள் நீதானா என்று கேட்காதீர்கள். ஆதாரம் கேட்கிற வேலையை, கல்லூரி முழுக்க என்னிடம் வருமானச் சான்றிதழ் கேட்டவர்களுக்கே விட்டுவிடுங்கள்.) அவள் அப்பா விடுதிகளின் படுக்கை விரிப்புகளை எடுத்துவந்து, அம்மாவோடு சேர்ந்து வெளுத்து, திருப்பிக் கொண்டுபோய்ப் போடுகிறவர். அழுக்கு வரும், வெளுத்தது போகும். வண்டி எந்தப் பக்கமும் காலியாகப் போகாது. "காலியா எதுக்கு மிதிக்கிற? போறதுதான் போற, இதையும் வச்சுக்கோ" என்பார். அவள் சைக்கிள் பழகியதே பின்னால் விரிப்பு மூட்டையோடுதான். மூட்டை இருந்தால் வண்டி தரையைக் கவ்விக்கொண்டு போகும். இந்த வாடகை வண்டியோ இறகு கனம். கைப்பிடி கோழிக்குஞ்சு மாதிரித் துடித்தது.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி பல் டாக்டர். இன்னொருத்தி கட்டடத்துக்கு வரைபடம் போடுகிறவள், பட்டப்பெயர் நெட்டை. இந்த வருடம்தான் மூவரும் ஒரே வீட்டில் வாடகைக்குச் சேர்ந்திருந்தார்கள்.

"என்னடி, குப்பைத்தொட்டிக்கு இன்ஷூரன்ஸ் போட வந்தியா?" என்றாள் நெட்டை.

"வாயை மூடு. பையெல்லாம் குடுங்க, நான் வச்சுக்கறேன்."

"ஏன், எங்களுக்கு முதுகு இல்லையா?"

"குடுடீன்னா!"

மூன்று பைகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் கேரியரில் வைத்து இறுக்கிக் கட்டினாள். வண்டி அடங்கியது. அவள்தான் முன்னால் போனாள். எவ்வளவு நல்ல மனசு என்று மற்ற இருவரும் நினைத்துக்கொண்டார்கள். காலி வண்டி ஓட்டத் தனக்கு வராது என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான் அவள் கவலை. தெரிந்தால் ஏன் என்பார்கள். சொன்னால் மூட்டை வரும், அப்பா வருவார், உடனே அவர்கள் முகத்தில் ஒரு 'ஐயோ பாவம்' வரும். அதைப் பார்ப்பதற்கு விழுந்து பல் உடைவது மேல்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இங்கே இவள் சிடுமூஞ்சியாகத் தெரிகிறாள், கொஞ்சம் மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை. சிரித்த முகமாக இருக்க அவளுக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்?]

3

இனிக் கடலை எழுத வேண்டும்.

கடல் நீலமாக—

கடல் ஒரு தாயைப் போல— (அடித்துவிட்டேன். எங்கள் அம்மாவுக்கு உட்கார நேரமில்லை. கடலுக்கு அப்படி என்ன அவசரம்?)

உண்மையைச் சொன்னால், அங்கே கடலே இல்லை. அது கடல் உள்வாங்கும் நேரம்; தண்ணீர் இறங்கி, கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருந்தது. சாலைக்கு ஒரு பக்கம் பழுத்துப்போன நாணல். மறுபக்கம் சேறு, சேறு, சேறு. ஆனால் அந்தச் சேறு வானத்தை மொத்தமாக வாங்கித் தன்மேல் போட்டுக்கொண்டு மினுங்கியது. எது மேலே, எது கீழே என்று பிடிபடவில்லை. ஆள் இல்லை, வண்டி இல்லை. மூவரும் சொல்லிவைத்தாற்போல் இறங்கி நின்றார்கள்.

சேற்றின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. அந்தக் கறை எழுந்தது.

பறவைகள். எண்ணவே முடியாத பறவைகள். கறுப்பாக எழும்பி, சாய்ந்து, ஒரே திருப்பத்தில் மொத்தக் கூட்டமும் வெள்ளையாகிவிட்டது. அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஈர விரிப்பை உதறுவார்களே, அதே வீச்சு, அதே 'பளீர்'. வானத்து அகலத்துக்கு ஒரே விரிப்பு. அந்த முனையையும் இந்த முனையையும் யார் பிடித்திருக்கிறார்கள்? அவளுக்குப் பிடரி சிலிர்த்தது. மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று நின்றாள்.

"எங்கேர்ந்துடி வருதுங்க?" என்றாள், கிசுகிசுப்பாக.

"வடக்கேர்ந்து. குளிருக்கு முன்னாடி கிளம்பிடும்" என்றாள் நெட்டை.

"அவ்ளோ தூரமா? என்ன எடுத்துட்டு வரும்?"

"என்னத்த எடுத்துட்டு வரும்? பறவைடி அது."

4

திரும்பும் நேரம். பல் டாக்டர் கேரியரின் கயிற்றை அவிழ்த்தாள்.

"என் பை என்கிட்டயே இருக்கட்டும். காலையிலேர்ந்து உன்னை வேலைக்காரி மாதிரி வச்சிருக்கோம்."

"எனக்கு ஒண்ணும் பாரமில்ல."

"எனக்குப் பாரமா இருக்கு."

நெட்டை தண்ணீர்ப் புட்டிகளைத் தன் பைக்குள் திணித்து, அதோடு அவள் பையையும் எடுத்து மாட்டிக்கொண்டாள். "வர்றப்ப நீ, போறப்ப நான். சரியாப் போச்சு."

கேரியர் காலி. அவள் கண் சாலையோரத்தில் தேடியது. அளவான கல் ஒன்று கிடந்தது. அதைத் தூக்கிக் கட்டிவிட்டால் போதும்.

முடிவு ஒன்று: கல்லைக் கட்டுகிறாள். இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்கிறாள்.

முடிவு இரண்டு: தோழிகளும் ஆளுக்கொரு கல்லைத் தூக்கி— (சீச்சீ.)

பிறகுதான் எனக்கு உறைத்தது. நானும் கல்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். கதையைக் காலியாக அனுப்ப எனக்கும் பழக்கமில்லை. போறதுதான் போகிறது, ஒரு நீதியை வை, கொஞ்சம் வர்க்கக் கோபத்தை வை, பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு குட்டு வை.

கல்லை அங்கேயே போட்டுவிட்டேன். அவள் நிமிர்ந்து, சண்டைக்கு நிற்கிற மாதிரிச் சொன்னாள்: "எனக்குக் காலி வண்டி ஓட்ட வராது. எங்கப்பா மூட்டை வச்சுத்தான் பழக்கினாரு."

சொல்லிவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்தாள், அந்த 'ஐயோ பாவம்' வரட்டும் என்று.

பல் டாக்டர் தன் பையை முதுகில் மாட்டிக்கொண்டாள். "சரி, ஓட்டு. விழுந்தா பல்லை நான் பாத்துக்கறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தாள். கைப்பிடி துடித்தது. மேலே அந்த விரிப்பு இன்னொரு தடவை உதறி வெளுத்தது. ஒரு காலைத் தரையிலிருந்து எடுத்தாள்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அடுத்த காலை எடுக்க வைப்பது உங்கள் பாடு. விழுந்தாலும் சரி, போனாலும் சரி. கேரியரில் மட்டும் எதையும் வைத்துவிடாதீர்கள்.