கீழ்வீட்டு ஒத்தி

சுந்தரபாண்டியன் அந்த வீட்டைப் பிரின்ஸுக்குக் காட்டியது ஜூலை மாதத்தில், ஒரு சனிக்கிழமை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. மேலகரத்தில் மெயின் ரோட்டை விட்டு இரண்டாவது தெரு. கீழே ஒரு குடியிருப்பு, மாடியில் தனித்தனியாக மூன்று அறைகள். மாடி வராந்தாவில் யாரோ வெளியூர்க்காரர்கள் ஈர வேட்டிகளைக் காயப்போட்டிருந்தார்கள்.

"பாத்தீயா? வாசல்ல போர்டு கூட கெடையாது. ஆளு தானா வந்து விழுதான்" என்றார் சுந்தரபாண்டியன். தென்காசி வட்டாரத்தில் இருபது வருடமாக வீட்டுப் புரோக்கர். வீடு காட்டுவதை ஜூலையில்தான் வைத்துக்கொள்வார். பிப்ரவரியில் கேட்டால் அவருக்கு உடம்பு சரியிருக்காது.

பிரின்ஸ் மருந்துக் கம்பெனி பிரதிநிதி. முப்பத்திரண்டு வயது. வாடகை வருமானத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி என்று ஒரு வருடமாக செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். அங்கேயே நின்று கணக்குப் போட்டான். மூன்று அறை, நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு, சீசன் தொண்ணூறு நாள். நாலு லட்சத்து ஐயாயிரம் வந்தது. வங்கித் தவணை வருடத்துக்கு மூன்றேகால் லட்சத்தைத் தாண்டாது.

விலை முப்பத்து நாலு லட்சம். வங்கி இருபத்தாறு தரும். கையிலிருந்த சேமிப்பு பத்திரப் பதிவுக்கும் கட்டில் மெத்தைக்கும் சரியாகப் போய்விடும். எட்டு லட்சம் துண்டு விழுந்தது.

"கீழ்வீட்டை ஒத்திக்கு விடு" என்றார் சுந்தரபாண்டியன். "மொத்தமா எட்டு லட்சம் வாங்கு. மூணு வருசம் வாடகை கேக்காத. போவும்போது திருப்பிக் குடு. வட்டியில்லாத கடன்லே அது."

"பேங்க்ல ஒத்துக்கிட மாட்டாங்களே, அண்ணாச்சி."

"கேட்டா சொந்தக்காரின்னு சொல்லு. அதுக்குத் தகுந்த ஆளாப் பாரு."

தகுந்த ஆள் பிரின்ஸ் ஞாயிறுதோறும் போகும் சர்ச் சபையிலேயே இருந்தார். ரெபேக்காள் டீச்சர். பால்வாடியில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. வீரகேரளம்புதூரில் பிறந்த வீட்டை அண்ணன் தம்பிகள் விற்றபோது அவர் பங்காக எட்டரை லட்சம் கிடைத்தது. வாடகை வீட்டில் நாலு முறை சாமான் தூக்கியவர். முட்டி வலியோடு ஐந்தாம் முறை தூக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை.

"பதிய வேண்டாமா, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

"பதிஞ்சா வீண் செலவுல்லா, டீச்சர். நூறு ரூவாப் பத்திரத்துல எழுதிக்கிடுவோம். எனக்கு மூக்குச் சிந்திவிட்ட ஆளு நீங்க. உங்களையா ஏமாத்தப்போறேன்?"

டீச்சர் சிரித்தார். "மூக்கு மட்டுமாலே சிந்திவிட்டேன்?"

செப்டம்பரில் வீடு பிரின்ஸ் பெயருக்கு வந்தது. டீச்சர் கீழே குடியேறினார். வாசலில் இரண்டு செவ்வரளி நட்டார்.

அடுத்த சீசன் வந்தது. மழையும் வந்தது, அளவில்லாமல். அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை, தடை நீங்கிய மறுநாளே மறுபடியும் தடை. தடையில்லாத நாட்களிலும் திங்கள் முதல் வியாழன் வரை மாடிப்படியில் காலடிச் சத்தமே இல்லை. தொண்ணூறு நாளில் இருபத்திரண்டு நாள்தான் ஆள் வந்தது. ஆகஸ்ட் முடிந்ததும் அதுவும் நின்றது. மாதம் இருபத்தாறாயிரம் தவணையைச் சம்பளத்திலிருந்து கட்டிப் பார்த்தான். டிசம்பரோடு நிறுத்திவிட்டான்.

வங்கியிலிருந்து பதிவுத் தபால் மேலகரத்து விலாசத்துக்கே வந்தது. டீச்சர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். உறை மீது இங்கிலீஷில் பிரின்ஸின் பெயர் இருந்தது. மழையில் நனையாமல் பைபிளுக்குள் வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவனிடம் கொடுத்தார்.

"முக்கியமான கடுதாசியா, தம்பி?"

"சும்மா கணக்கு வழக்கு, டீச்சர்."

அறுபது நாள் கெடு. பணம் கட்டாவிட்டால் வீட்டை எடுத்து ஏலம் விடுவார்கள். பிரின்ஸ் கடிதத்தோடு சுந்தரபாண்டியனிடம் ஓடினான். அவர் கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார்.

"நல்லதுதாம்லே. ஏலத்துக்குப் போவட்டும்."

"என்ன அண்ணாச்சி சொல்லுதீய?"

"இப்ப உன் தலையில ரெண்டு கடன். ஒண்ணு பேங்க்குக்கு, ஒண்ணு டீச்சருக்கு. ஏலத்துல பேங்க் கடன் தீரும். எடுக்குதவனுக்கு டீச்சர் யாரோ எவரோ. எடுக்குதவன் நம்ம ஆளா இருந்தாப் போதும்."

பிரின்ஸின் மனைவி சுஜிதாவுக்கு ஒரு தம்பி. அரசுப் பள்ளி ஆசிரியர். வேறு வங்கியில் கடன் கேட்டால் மறுக்க மாட்டார்கள். வீட்டில் அன்று சோறு போட்டபடியே சுஜிதா கேட்டாள்.

"டீச்சர் கேஸ் போட்டா?"

"போடட்டும். எட்டு லட்சத்துக்குக் கோர்ட் பீஸ் கட்டணும், வக்கீலு வைக்கணும். தீர்ப்பு வாரதுக்குள்ள அவங்களுக்கு எண்பது வயசாயிரும்."

சுஜிதா சோற்றின் மேல் குழம்பு ஊற்றினாள். பிறகு, "ஆனா தம்பி பேர்லயே கெடக்க வேண்டாம். ஒரு வருசத்துல என் பேருக்கு மாத்திரணும்" என்றாள்.

குறைந்தபட்ச விலை இருபத்தாறு லட்சம் என்று அறிவிப்பார்கள் என வங்கி வட்டாரத்தில் சுந்தரபாண்டியன் விசாரித்து வந்தார். ஏலத்தில் கலந்துகொள்ள அதில் பத்தில் ஒரு பங்கு முன்பணம். இரண்டு லட்சத்து அறுபதாயிரம். பிரின்ஸிடம் அறுபதுதான் இருந்தது.

மறுநாள் அரைக் கிலோ அல்வாவோடு மேலகரம் போனான்.

"டீச்சர், வேற ஒருத்தன் பத்து லட்சம் ஒத்திக்குக் கேக்கான். எனக்கு உங்கள அனுப்ப மனசில்ல. ரெண்டு கூட்டிக் குடுத்தா அஞ்சு வருசத்துக்கு எழுதித் தாரேன்."

டீச்சரிடம் ஓய்வுப் பணமும் பங்கில் மிச்சமும் சேர்த்து இரண்டு லட்சத்துச் சொச்சம் இருந்தது. சாவுச் செலவுக்கென்று வைத்திருந்தது. அன்று சாயங்காலமே எடுத்துக் கொடுத்தார். புதுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அஞ்சு வருசம் இருந்தா பெரிசு. அதுக்கு மேல உனக்குத் தொந்தரவு இருக்காது" என்றார்.

ஏழு வாரம் கழித்து வங்கி அதிகாரிகள் போலீஸோடு வந்தார்கள். டீச்சர் இரண்டு பத்திரங்களையும் நீட்டினார். அதிகாரி வாங்கிப் பார்த்தார். "இது எங்களுக்குச் செல்லாதும்மா. மதியத்துக்குள்ள சாமான எடுத்துருங்க" என்றார், குரலில் கோபம்கூட இல்லை.

பிரின்ஸ் பின்னாலேயே வந்து சேர்ந்தான். கண் கலங்கியிருந்தது. "நானும் ஏமாந்துட்டேன், டீச்சர். என் வீடும்தான் போச்சு." அவனே பீரோவை ஒரு பக்கம் தூக்கினான். சாமான்கள் சபையின் கோயில் ஹாலுக்குப் போயின. ஐந்தாம் முறை.

ஏலத்துக்கு வந்தது ஒரே விண்ணப்பம். சுஜிதாவின் தம்பி இருபத்தாறேகால் லட்சத்துக்கு எடுத்தான். பிரின்ஸின் கடன் தீர்ந்தது.

கோயில் ஹாலில் கல்யாணம் வந்தபோது டீச்சரைக் காலி செய்யச் சொன்னார்கள். பிரின்ஸ்தான் வந்து கூப்பிட்டான். "வாங்கினவங்க எங்க மச்சினன். கெஞ்சிக் கேட்டு மாடிப்படிக்கு அடியில இருக்க ரூம உங்களுக்கு வாங்கி வச்சிருக்கேன். வாடகை வேண்டாம். மாடி ரூமை மட்டும் கூட்டித் துடைச்சுக்கிடுங்க."

இப்போது கீழ்வீடும் நாள் வாடகைக்கு விடும் அறைகளாகிவிட்டது. மொத்தம் ஐந்து. டீச்சர் சபையில் சாட்சி சொன்னார்: எல்லாரும் கைவிட்டபோதும் பிரின்ஸ் தம்பி கைவிடவில்லை. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பிரின்ஸ் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

ஜூன் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. டீச்சர் வாசலில் ஈரப் போர்வைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். செவ்வரளிக்குப் பக்கத்தில் நின்று பிரின்ஸ் போனில் பேசிக்கொண்டிருந்தான். கடையநல்லூர்க்காரன் ஒருவன் முதல் வீடு வாங்க யோசனை கேட்கிறான்.

"பணத்துக்கு ஒத்தி வாங்குங்க. ஆளுதான் முக்கியம். ஒத்தையாளா, வயசானவங்களா, கோர்ட்டுக்குப் போகாதவங்களாப் பாருங்க. எனக்கு மொதல்ல எட்டு வந்துச்சு. ஏலத்துக்கு முன்பணம் கட்டக்கூட அங்கனதான் ரெண்டு எடுத்தேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். டீச்சர் போர்வையைப் பிழிந்தது பிழிந்தபடி நின்றார். தண்ணீர் அவர் புறங்காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்த ரெண்டு லட்சமுமா, தம்பி?"

பிரின்ஸ் அவரைப் பார்த்தான். பிறகு மாடியைப் பார்த்தான்.

"மூணாம் நம்பர்ல சோப்பு வைக்கலையாம், டீச்சர். அவங்க அருவிக்குக் கெளம்பிட்டு நிக்காங்க."

டீச்சர் போர்வையைக் கொடியில் போட்டார். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, மேலே ஏறினார்.