முதல் வரி

மேனேஜர் முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு வருகிறார், ஏதோ என் தலையில் கட்டப்போகிறார் என்று நினைத்தாள்.

‘சோதனைக்கு மட்டும். லைவ் சர்வரில் போடாதீர்கள்’ என்று வெப்சைட்டின் அமைப்புகள் அடங்கிய கான்ஃபிக் ஃபைலின் முதல் வரியிலேயே அவள் எழுதியிருந்தாள். மேனேஜர் அவசரத்தில் அதையே வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் லைவ் சர்வரில் போட்டுவிட்டார். காலையிலிருந்து வெப்சைட் படுத்துக் கிடந்தது. மேலிடத்தில் விசாரணை வைத்துவிட்டார்கள்.

மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஃபைல் நீ எழுதினதுதானேம்மா? அந்த முதல் வரிய மட்டும் அழிச்சிடு. பழி உன்மேல வந்தாலும் நான் பாத்துக்கறேன். நீ எனக்குத் தங்கச்சி மாதிரி.”

ஆறு வருடமாகப் பதவி உயர்வுப் பட்டியல் போடும்போது மட்டும் அவருக்கு இந்தத் தங்கை ஞாபகம் வந்ததில்லை.

“அந்த வரி அங்கயே இருக்கட்டும், அண்ணா” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.